இடப்பிரி

சகாதேவன் ஆட்டோவை அணைக்கவில்லை. உறுமவிட்டபடியே தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"தீபத்துக்கு ஆந்திராக்காரங்க வராங்க. புரோக்கர் அப்பாதுரைகிட்ட வாக்கு குடுத்துட்டேன். முன்ரூம காலி பண்ணிடு. உன் ஜப்பான் சாமானையெல்லாம் எட்த்துகினு போய் மாட்டுக் கொட்டாய்ல போட்டுக்கோ."

எழில் வாசற்படியில் வெள்ளைச் சார்ட் பேப்பர் விரித்து, அதன் மேல் ஒரு மரக்கிண்ணத்தை வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். காலை வெயில் சாய்ந்து விழும் அந்தக் கொஞ்ச நேரத்தை விட்டால் மரத்தின் ரேகை படத்தில் வராது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"கொட்டாய்ல வெச்சா பூசணம் புடிக்கும் மாமா."

"புடிச்சா கழுவு. கண்டவன் எச்சித் தட்ட கழுவித்தானே பொழச்ச."

ஆட்டோ போய்விட்டது. புகை கிண்ணத்தின் மேல் வந்து படிந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி படம் எடுத்தாள்.

சகாதேவன் அவளுக்கு மூத்தார், செத்துப்போன புருஷனின் அண்ணன். அந்த வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டுக்குப் பின்னால், ஆசிரமத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரு காலத்தில் பாம்பும் கருவேலமுள்ளும் கிடந்த இடம். கல்லுடைத்துப் பிழைத்த குடும்பம் வேறு போக்கிடமில்லாமல் அங்கே குடிசை போட்டது. வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு ரூம் தேடி வர ஆரம்பித்ததும் குடிசை கட்டடமானது. தெருவைப் பார்த்த முன்னறை சின்னவன் மாறனுக்கு, பின்பக்கம் பெரியவனுக்கு என்று ஆத்தாக்காரி தங்கம்மாள் வாயால் சொன்னதுதான் பாகப்பிரிவினை. பெரியவன் குடும்பமும் அவனோடு இருந்த ஆத்தாவும் பக்கத்துச் சந்து வழியாகப் போய்வருவார்கள். மாறன் கல் ஏற்றிப்போன லாரி கவிழ்ந்து அதன் அடியிலேயே செத்தான். அன்றிலிருந்து முன்னறை எழிலுக்கா, சகாதேவனுக்கா என்று ஒரு சண்டை ஓய்ந்தபாடில்லை. அவள் அதற்குள் இருக்கும்வரை அது அவளுடையது. ஒரு மாதம் வெளியே போனால் அப்புறம் அவளுடையது இல்லை. இது ரெண்டு பேருக்குமே தெரியும்.

அந்த அறையில்தான் கடை நடந்தது. கடை என்றால் போர்டு கிடையாது, கல்லா கிடையாது. வாங்குகிறவன் மும்பையிலோ பாண்டிச்சேரியிலோ உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்ப்பான். ஹருமி என்கிற ஜப்பான்காரிக்கு எழில் சமைத்துப்போட்டுப் பாத்திரம் தேய்த்தவள். ஹருமியின் ஊர் மலைக்காடு. பனி கொட்டும் மாதங்களில் வயலில் வேலை கிடையாது, அப்போது உட்கார்ந்து மூங்கில் கூடை, மரக்கரண்டி, கிண்ணம், நீலச் சாயத்துணி என்று செய்வார்கள். அதையெல்லாம் ஹருமி பெட்டி பெட்டியாக வரவழைப்பாள். எழில் படம் எடுத்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஏற்றி, வந்த ஆர்டருக்கு துணியில் தைத்து அரக்கு வைத்து போஸ்ட் ஆபீசில் போடுவாள்.

ஹருமிக்கு ஒரு சட்டம் உண்டு. பொருளில் என்ன குறை இருக்கிறதோ அதைப் படத்துக்குக் கீழே எழுதிவிட வேண்டும். கிண்ணத்தில் ஒரு மரக்கணு இருந்தால் கணு இருக்கிறது என்று எழுத வேண்டும். "கொற சொல்லி விக்கிற யாவாரத்த எங்கயாவது பாத்துக்கீறியா" என்று எதிர்ச்சாரியில் இட்லிக்கடை போட்டிருந்த சந்திரம்மாள் சிரிப்பாள். அப்படி எழுதியும் வாங்குகிறவர்கள் திட்டி மெயில் போடுவார்கள். போன தடவை வாங்கிய கரண்டியும் இந்தக் கரண்டியும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று ஒருத்தி ஒரு மாதம் சண்டை போட்டாள்.

அந்த வருஷம் தீபத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. சென்னைப் பக்கம் கார் கம்பெனிகளில் வேலைக்கு வந்திருந்த ஜப்பான் குடும்பங்கள், தங்கள் புத்தாண்டுக்கு வாசலில் கட்டும் வைக்கோல் கயிறு கேட்டிருந்தார்கள். ஹருமியின் ஊரில் ஒரு கிழவனும் கிழவியும் திரித்து அனுப்பிய கயிறுகள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின. கை நீளம், நடுவில் தடித்து ரெண்டு நுனியிலும் மெலிந்தவை. ஒவ்வொன்றிலும் மடித்து மடித்து வெட்டிய வெள்ளைக் காகிதம் தொங்கியது. கதவுக்கு மேலே கட்டினால் கெட்டது உள்ளே வராது என்று ஹருமி சொல்லியிருந்தாள்.

பெட்டியைப் பிரிக்கும்போது தங்கம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மருமகளோடு அவளுக்கு நல்ல பேச்சு கிடையாது. ஆனால் வைக்கோல் வாசனை அவளை இழுத்து வந்துவிட்டது. ஒரு கயிற்றை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஏன்டி, வைக்கோலு இன்னா இப்டி பச்சையா கீது?"

"கவுறுக்குன்னே தனியா நட்டு, கதிர் வர்றதுக்கு முன்னாடி அறுத்துடுவாங்களாம் அத்த."

"அடப்பாவிங்களா. கதிர் தள்ளாத பயிர அறுத்தானுங்களா? வயித்துப் புள்ளய அறுத்தா மாதிரி." சொல்லிக்கொண்டே விரலைக் கயிற்றின் மேல் ஓட்டினாள். பாதியில் விரல் நின்றது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இடப்பிரி" என்றாள்.

வைக்கோலை உள்ளங்கையில் வைத்து முன்னால் தள்ளி உருட்டினால் அது வலப்பிரி. கட்டு கட்டவும், பந்தல் போடவும், மாடு பிணைக்கவும் அதுதான். கையைப் பின்னால் இழுத்து உருட்டினால் இடப்பிரி. அவர்கள் ஊரில் அப்படித் திரிப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். பாடை கட்ட. விளையாட்டுக்குக்கூட ஒரு பிள்ளை கையைப் பின்னால் இழுத்து வைக்கோல் திரித்தால் முதுகில் அடி விழும்.

எழிலுக்கும் அது தெரியாமல் இல்லை. மாறனுக்குப் பாடை கட்டினது இதே வாசலில்தான். திரித்தவன் சகாதேவன். கண்ணீர் ஒழுக ஒழுக, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, கையை இழுத்து இழுத்துத் திரித்தான். அந்த சரசரப்பை அவள் உள்ளே உட்கார்ந்து கேட்டாள். ஆனால் இந்தப் பெட்டியைப் பிரித்தபோது அவளுக்கு ஆர்டர் தெரிந்ததே தவிர பிரி தெரியவில்லை. ஜப்பான் கயிற்றுக்கும் தன் வாசலுக்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவில்லை.

விஷயம் சந்து வழியாகப் பின்பக்கம் போய், அங்கிருந்து தெருவுக்கு வந்துவிட்டது. சகாதேவனுக்கு வெறும் வாயில் அவல் விழுந்த மாதிரி ஆயிற்று. நடுத்தெருவில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசினான்.

"எங்க வூட்டுக்குப் பாடக்கவுறு பார்சல்ல வந்து எறங்கிக்கீது. ஒன்னு ரெண்டு இல்ல, பொட்டி நெறைய. என் தம்பிய முழுங்கினது பத்தலயாம். எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது. நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

சந்திரம்மாள் இட்லித் தட்டைத் துடைத்தபடி கேட்டாள். "ஏம்மா எழிலு, கவுறு வந்துடுச்சி. பொணம் எந்தப் பார்சல்ல வருது?"

தெரு சிரித்தது.

"உனக்குன்னு ஒன்னு எட்த்து வெக்கிறேன்கா" என்றாள் எழில். "நீளம் சொல்லிடு, அப்பால பத்தலன்னு சண்டைக்கி வராத."

சிரிப்பு நின்றுவிட்டது. சந்திரம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். சகாதேவன் விரலை நீட்டி, "ஆந்திராக்காரங்க வர்றதுக்குள்ள இந்தக் கவுறும் போவணும், நீயும் போவணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் எழில் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருஷம் அது. வந்தபோது மெயில் பார்த்து, முகவரிகளை எழுதிக்கொண்டு, போனபோது வெளியே குந்தியிருந்து, வீடு திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது.

முன்னறையில் தங்கம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குண்டான். வெள்ளைக் காகிதங்களையெல்லாம் அடுக்கி, பறக்காமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருந்தாள். கயிறுகள் எல்லாம் ஈரமாக, ஒழுங்காக, வரிசையாகக் கிடந்தன. எழில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். வலப்பிரி. அடுத்ததை எடுத்தாள். அதுவும். பெட்டியிலிருந்த அத்தனையையும் அவிழ்த்து, நனைத்து, வலப்பக்கமாகத் திருப்பித் திரித்திருந்தாள் கிழவி. ஒரு வைக்கோல் தாள்கூட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவில்லை.

"இன்னா அத்த பண்ணி வெச்சிக்கீற?"

"இன்னா பண்ணேன்? ஊர் வாய அடைச்சேன். இப்ப வந்து எவன் கேப்பான் பாடக்கவுறுன்னு? ரூம்பு உனக்கு வேணுமா வேணாமா?"

"இத ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"ஏன் வாங்க மாட்டான்? அவன் திரிச்சத விட கெட்டியா கீது. இஸ்துப் பாரு."

"கெட்டியா கேக்கலத்த அவங்க."

"அப்ப கவுறு எதுக்குடி கேக்கறாங்க?"

 எழில் கோபத்தில் தண்ணீர்க் குண்டானை எட்டி உதைத்தாள். தண்ணீர் அறை முழுக்க ஓடியது. கிழவி எழுந்து, ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, "நன்றி கெட்ட நாயி. உனக்குப் போயி செஞ்சேன் பாரு" என்று சந்துப் பக்கம் போனாள். அன்றைக்கு ராத்திரி எழிலுக்குச் சோறு வரவில்லை.

ஹருமி அடுத்த நாள் காலையில் சைக்கிளில் வந்தாள். பத்து வருஷமாக வந்துபோகிறவள். தமிழ் பேசுவாள், ஆனால் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பேசுவாள். ஒரு கயிற்றை எடுத்து ஒரு பார்வை பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் அவளுடைய கோபம்.

"இது மூட்டை கட்டும் கயிறு" என்றாள்.

"அத்த தெரியாம பண்ணிட்டாங்க."

"கதவுக்கு இடது. சாமிக்கு இடது. குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"இங்க குழந்தைக்கும் தெரியும். இடது பொணத்துக்குன்னு."

 ஹருமி கயிற்றை இருந்த இடத்திலேயே நேராக வைத்தாள். "என் ஊரில் எண்பது வயசு மனிதர் செய்தார். நான் அவருக்கு என்ன சொல்வது? எழில், நீ பெட்டியைப் பார்த்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை பார்சல் போக வேண்டும். போகவில்லை என்றால் எல்லாப் பொருளும் செங்கம் ரோடு கஃபேக்காரர் இடத்துக்குப் போகும். அங்கே கதவுக்குப் பூட்டு இருக்கிறது."

"எங்க வூட்லயும் பூட்டு கீது."

"உள்ளே மாமியார் இருக்கிறார்" என்றாள் ஹருமி. சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். போகும்போது தலைகுனிந்து வணக்கம் சொல்ல மறக்கவில்லை. அந்த வணக்கம் எழிலுக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

சாமான் போய்விட்டால் அறையில் உட்கார அவளுக்கு வேறு காரணம் இல்லை. அறை போய்விட்டால் சாமான் வைக்க இடம் இல்லை. ரெண்டும் ஒரே கயிற்றில் தொங்கியது. அவள் பின்பக்கம் போய், ஆட்டுக்கல்லடியில் குந்தியிருந்த தங்கம்மாளைக் கூப்பிட்டாள்.

"வந்து மறுபடி இடப்பிரியா திரிச்சிக் குடு."

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். "எம் புள்ள போனப்ப பெரியவன் திரிச்சத நான் நின்னு பாத்தேன். அந்த வேலைய எங்கையால செய்யச் சொல்றியா? கைய வெட்டிக்கினு போ, குடுக்கறேன்."

எழில் திரும்பி வந்தாள். ஒரு கயிற்றை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்தாள். சின்ன வயசில் கட்டு கட்டிப் பழகிய கை தானாக முன்னால் போனது. நிறுத்தினாள். பின்னால் இழுத்தாள். வைக்கோல் அந்த சரசரப்பைப் போட்டது.  எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

அறைக்குள் கரண்ட் இல்லை. வெளிச்சத்துக்காக வாசற்படிக்கு வந்தாள். திரித்து முடித்ததைத் தரையில் போட்டால் ஈரத்தில் சுருண்டுகொண்டது. நேராகக் காய வேண்டுமே என்று, மாவிலை கட்ட நிலைப்படிக்கு மேலே அடித்திருந்த ஆணிகளில் ஒவ்வொன்றாக மாட்டினாள். ஆணி நிறைந்ததும் குறுக்கே ஒரு கம்பி கட்டி அதில் மாட்டினாள். அவளுக்குத் தெரு ஞாபகமே இல்லை. கை மட்டும்தான் இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் உள்ளங்கைத் தோல் வழன்று, வைக்கோலில் அங்கங்கே சிவப்பு ஏறியது. அதைத் தண்ணீரில் அலசிவிட்டு மேலே திரித்தாள்.

தெருவுக்கு ஞாபகம் இருந்தது. சந்திரம்மாள் இட்லிக்கடையை மூன்று வீடு தள்ளிப் போட்டுக்கொண்டாள். பால்காரர் சுப்பிரமணி பாலைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எதிர்ச்சுவரை ஒட்டிக்கொண்டு ஓடினார்கள்.

வெள்ளிக்கிழமை சகாதேவனின் ஆட்டோவும் அதன் பின்னால் ஒரு வேனும் வந்து நின்றன. வேனிலிருந்து ஒரு பெரியவரும் பெண்களும், ஸ்டவ்வு, பாய், அரிசி மூட்டையோடு இறங்கினார்கள். அப்பாதுரை முன்னால் ஓடிவந்தான். வெற்றிலை போட்ட வாயால் தெலுங்கில் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தவன், வாசலை நிமிர்ந்து பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். நிலைப்படி மறைய இடப்பிரிக் கயிறு தொங்கியது. அதற்குக் கீழே, தாலியறுத்த ஒருத்தி கையை இழுத்து இழுத்து இன்னும் ஒன்று திரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாதுரை சகாதேவன் பக்கம் திரும்பினான். "இன்னாய்யா இது?"

"நீ சாமான எறக்குயா. நான் பாத்துக்கறேன்."

"சாமி பாக்க வந்தவங்கள நான் இதுக்குக் கீழ நொழைய வுட்டா, நாளைக்கி எவன்யா என்கிட்ட ரூம்பு கேப்பான்? இன்னும் எத்தன பேருக்குத் திரிக்கிறா அவ?"

பெரியவர் என்ன ஏதென்று கேட்டார். அப்பாதுரை, பம்பு ரிப்பேர், தண்ணி வராது என்று ஒரு பொய்யைச் சொல்லி மூட்டைகளை வேனிலேயே திருப்பி ஏற்றினான். வேன் பின்பக்கமாகவே தெருமுனை வரைக்கும் போயிற்று.

சகாதேவன் வாசலுக்கு வந்தான். வாசற்படிக்கு ஒரு கை தூரத்தில் நின்றான்.

"அவுத்துப் போடு."

"காயணும் மாமா."

"அவுருடின்றேன்."

"நீ அவுரு." எழில் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கையெட்ற ஒசரத்துலதான் கீது. உனக்குப் பழக்கமான பிரிதான்."

அவன் கை மேலே போனது. கயிற்றுக்கு நாலு விரற்கடை கீழே நின்றது. வெள்ளைக் காகிதம் கட்டியிருந்த ஒன்று காற்றில் லேசாகத் திரும்பியது.  கையை இறக்கி, சட்டையில் துடைத்துக்கொண்டான். ஒன்றையும் தொடாத கைதான். இருந்தும் அழுத்தித் துடைத்தான்.

"நீ நல்லா இருக்க மாட்ட" என்றான்.

"நான் எப்ப நல்லா இருந்தேன்?"

அவன் ஆட்டோவை எடுக்கக்கூட மறந்து நடந்தே போனான். அப்புறம் யாரோ ஒரு ஸ்டாண்டுக்காரன் வந்து ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போனான்.

அப்போதுதான் எழில் எழுந்து, தெருவில் இறங்கி நின்று, தன் வாசலைப் பார்த்தாள். கெட்டது உள்ளே வராது என்று ஹருமி சொன்னது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை. மாறன் உயிரோடு வந்துபோன நாளில் அவன் தலை இதே உயரத்தில்தான் அந்த நிலைப்படியைத் தாண்டிப் போகும்.

அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போய், படத்துக்குக் கீழே ஹருமியின் சட்டப்படி எழுதினாள். வைக்கோல் ஜப்பானுடையது. கயிறு ஒரு தடவை தவறாக அவிழ்க்கப்பட்டு, திருவண்ணாமலையில் வேறொரு கையால் திரிக்கப்பட்டது. முதலில் திரித்ததைப் போல அழகாக இல்லை. ஒருத்தர் வேண்டாம் என்று எழுதினார். மற்றவர்கள் அனுப்பச் சொன்னார்கள். ஹருமி வந்து ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் ஓட்டிப் பார்த்தாள். "சுமார்" என்றாள். கஃபேக்காரர் பேச்சை எடுக்கவில்லை.

சனிக்கிழமை மூட்டைகளைத் தைத்து அரக்கு வைத்தாள். ஸ்டாண்டில் ஒரு ஆட்டோவும் வரவில்லை. சகாதேவன் சொல்லி வைத்திருப்பான், இல்லையென்றால் அவர்களாகவே வரவில்லை. கல்லு சுமந்த தலைக்கு வைக்கோல் என்ன கனம் என்று சும்மாடு கூட்டி, ரெண்டு நடையாகத் தலையிலேயே தூக்கிக்கொண்டு போனாள். தீபத்துக்கு வந்த ஜனம் செங்கம் ரோடு அடைத்து எதிரே வந்தது. இடித்தார்கள், திட்டினார்கள். அவளும் திட்டினாள்.

திரும்பி வந்தபோது தங்கம்மாள் எதிர்ச்சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம் என்றவருடைய கயிறு ஒன்று மட்டும் வாசலில் தொங்கியது.

"எல்லாத்தையும் அனுப்பிட்டியே, இது எதுக்கு? இதையும் அவுத்து எறி. நல்ல நாளு வருது."

"இர்க்கட்டும்."

"எத்தினி நாளைக்கி?"

"உன் பெரிய புள்ளைக்கி ரூம்பு வேணாம்னு ஆவற வரைக்கும்."

"அப்ப நான் இந்த வாசல மிதிக்க மாட்டேன்."

"சந்து வழியா பின்பக்கமே போய்வா" என்றாள் எழில்.

கிழவி காறித் துப்பிவிட்டுப் போனாள். எழில் சும்மாட்டை உதறி இடுப்பில் சொருகினாள். தண்ணீர் எடுக்க, சாமான் வாங்க, தினமும் அவள்தான் அதற்குக் கீழே நுழைந்து வரவேண்டும். வேறு வழி அந்த அறைக்கு இல்லை. ஒரு நொடி நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், அடுத்த பெட்டியைப் பிரித்தாள். அதில் கரண்டிகள் இருந்தன.